குருஷின்யானி கிராமத்தின் 1679ஆம் ஆண்டு நிலக்கொடை: உதவி தேவை

போலந்தின் வடகிழக்கே, பெலாரஸ் எல்லையை ஒட்டிய போட்லாஸ்கியே மாகாணத்தில் உள்ள குருஷின்யானி என்ற சிற்றூரைப் பற்றிக் கட்டுரை எழுதி வருகிறேன். அங்கே முதலில் குடியேறிய தாத்தார்கள் (துருக்கிய வழிவந்த முஸ்லிம் இனத்தவர்) பற்றிய பகுதியில் வேலை நின்றுபோயிருக்கிறது. அரசுப் படையில் பணியாற்றிய தாத்தார் வீரர்களுக்கு, ஊதிய நிலுவைக்கு ஈடாக, மன்னர் மூன்றாம் யான் சோபியெஸ்கி 1679இல் இங்கே நிலம் வழங்கினார். நான் படித்தவற்றில் சாமுவேல் முர்சா க்ஷெச்சோவ்ஸ்கி என்ற படைத்தலைவரின் பெயர் மட்டுமே வருகிறது. உடன் குடியேறிய வீரர்களின் பெயர்கள் இல்லை.

போலந்துத் தாத்தார்களின் வரலாறு குறித்த கட்டுரைகளையும் கல்லறைக் கல்வெட்டுகளின் படங்களையும் பார்த்தேன், கல்வெட்டுகள் பிற்காலத்தவை. பயணக் கட்டுரைகளோ, வழக்கம்போல, பச்சை நிற மரப் பள்ளிவாசலோடு நின்றுவிடுகின்றன. ஊர்ப்பெயரின் பழைய எழுத்து வடிவங்களைக் கொண்டு இணைய ஆவணக் காப்பகங்களில் தேடியதும் பயன் தரவில்லை.

அந்தக் கொடைப் பத்திரத்தின் படியையோ குடியேறியோர் பட்டியலையோ எந்தக் காப்பகத்தின் எந்தத் தொகுப்பில் தேட வேண்டும்?