நடுத்தர நிறுவனத்துக்கு கிளவுட் ஈஆர்பி: இறுதிச் சுற்றில் மூன்று மென்பொருள்கள், எதை வைத்து முடிவெடுப்பது?

கேள்வி (நிதிப் பிரிவு மேலாளர்)

நண்பர்களுக்கு வணக்கம். இயந்திர உதிரிப் பாகங்கள் தயாரிக்கும் நிறுவனமொன்றில் நிதிப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். மொத்தம் 200 பேர் வேலை செய்கிறோம். அவர்களில் 60 பேருக்கு அன்றாடம் கணினியில் ஏதாவது பதிவு செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. கணக்கு ஒரு பழைய மென்பொருளில் இருக்கிறது, சரக்கிருப்பு எக்செல் தாள்களில் இருக்கிறது, எந்த இயந்திரத்தில் எந்த வேலை ஓடுகிறது என்பது தொழிற்கூட மேற்பார்வையாளரின் குறிப்பேட்டில் இருக்கிறது. ஒவ்வொரு மாதக் கணக்கையும் முடிக்க 12 நாள்கள் ஆகின்றன. அதில் பாதிக்கு மேல், கிடங்கு சொல்லும் இருப்பையும் பேரேடு சொல்லும் இருப்பையும் ஒத்துப் பார்ப்பதிலேயே கழிந்துவிடுகிறது.

கணக்கு, சரக்கிருப்பு, உற்பத்தி எல்லாவற்றையும் இணையம் வழியே ஒரே இடத்தில் கையாளும் கிளவுட் ஈஆர்பி மென்பொருளுக்கு மாற நிர்வாகம் ஒப்புதல் தந்துவிட்டது. மூன்று மென்பொருள்களைத் தேர்ந்து வைத்திருக்கிறோம்; விலைப் பேச்சு நடந்துகொண்டிருப்பதால் பெயர்களை இங்கே சொல்ல இயலவில்லை. மூன்று தரப்பினரும் வந்து செயல்விளக்கம் காட்டினார்கள், மூன்றும் நன்றாகவே இருந்தன. நாங்கள் 140 வரிகளில் ஓர் ஒப்பீட்டு அட்டவணை தயாரித்து அனுப்பினோம். ஏறக்குறைய எல்லா வரிகளிலும் மூவருமே ‘உண்டு’ என்று நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள். இந்த அட்டவணையை வைத்துக்கொண்டு என்னால் ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

இவற்றை உண்மையில் வேறுபடுத்திக் காட்டுவது எது? பயனர் எண்ணிக்கைப்படி சொல்லப்படும் கட்டணத்தை எந்த அளவுக்கு நம்பலாம்? ஐந்து ஆண்டுகள் கழித்து வேறொன்றுக்கு மாற நேர்ந்தால் எங்கள் தரவு என்ன ஆகும்? இந்தப் பாதையைக் கடந்து வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 (கிடங்கு மற்றும் கொள்முதல் பொறுப்பாளர்)

ஐயா, அந்த அட்டவணையை ஒதுக்கிவிட்டு உங்கள் சொந்தப் பரிவர்த்தனைகளைக் கையில் எடுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. நாங்களும் அப்படியொரு அட்டவணையை நம்பித்தான் வாங்கினோம். எங்கே அடிபட்டோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இதே இடத்தில் அடிபட வாய்ப்பிருக்கிறது.

நாங்கள் சுருள்வில்கள் செய்கிறோம். 4 மில்லிமீட்டர் எஃகுக் கம்பியை கிலோ கணக்கில் வாங்குவோம், தொழிற்கூடத்துக்கு மீட்டர் கணக்கில் கொடுப்போம், வில்லை எண்ணிக்கைக் கணக்கில் விற்போம். அட்டவணையில் ‘ஒரே பொருளுக்குப் பல அளவை அலகுகள்’ என்ற வரிக்கு எதிரே ‘உண்டு’ என்றுதான் இருந்தது. அது பொய்யும் அல்ல. அந்தக் கம்பியின் எடை மீட்டருக்கு 0.0986 கிலோ. ஆனால் எங்களுக்கு அமைத்துத் தந்தவர்கள் மாற்று விகிதத்தை இரண்டு தசம இடங்களோடு நிறுத்தியிருந்ததால், மென்பொருள் அதை 0.10 என்று எடுத்துக்கொண்டது. 500 கிலோ சுருள் ஒன்றில் உண்மையில் ஏறத்தாழ 5,070 மீட்டர் கம்பி இருக்கும். மென்பொருளின் கணக்கில் 5,000 மீட்டர்தான். 5,000 மீட்டர் கொடுத்து முடித்ததும் திரையில் இருப்பு பூஜ்யம், ஆனால் கம்பியோ சுருளில் இன்னும் 70 மீட்டர் மீதம் இருக்கும். ஒவ்வொரு சுருளிலும் இப்படியே மிஞ்சி, முதல் இருப்பாய்வின்போது அலமாரியில் ‘கணக்கில் இல்லாத’ கம்பி குவிந்து கிடந்தது. அமைப்பை மாற்றலாம் என்றால், அந்தப் பொருளின் பெயரில் ஏற்கெனவே பதிவுகள் விழுந்துவிட்டதால் மாற்ற முடியாது என்றார்கள். எல்லாக் கம்பிகளுக்கும் புதிய பொருள் குறியீடு போட்டு, பழையவற்றின் இருப்பைக் கைமுறையாக நகர்த்தினோம். செயல்விளக்கத்தின்போது எங்கள் கம்பியைக் கொடுத்து ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும்.

ஆகவே உங்களிடம் அடிக்கடி சண்டை மூட்டும் பரிவர்த்தனைகளில் பத்துப் பன்னிரண்டைப் பொறுக்கி எடுங்கள். கொள்முதல் ஆணையில் ஒரு விலை, வந்த இன்வாய்ஸில் வேறு விலை, சரக்கோ பாதிதான் வந்திருக்கிறது. மாதக் கணக்கை மூடிய பிறகு வாடிக்கையாளர் சரக்கைத் திருப்பி அனுப்புகிறார். வெளியாரிடம் முலாம் பூசக் கொடுத்த பாகங்கள் அங்கே இருக்கும்போதே ஆண்டுக் கணக்கு முடிகிறது. ஒரு தொகுதியில் குறை என்று தெரிந்ததும் அது யார் யாருக்குப் போனது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இவற்றை உங்கள் உண்மையான எண்களோடு ஒரு வாரம் முன்னதாக மூவருக்கும் கொடுத்துவிடுங்கள். சோதனை நாளன்று விசைப்பலகையில் உட்கார வேண்டியவர் விற்பனைப் பிரதிநிதி அல்லர், உங்கள் கிடங்கு எழுத்தர். அவர் எங்கே தடுமாறுகிறார் என்பதை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தாலே போதும்.

‘உண்டு’ என்ற சொல்லையும் பிரித்துக் கேளுங்கள். வாங்கியவுடன் அப்படியே இருப்பது, அமைப்பில் மாற்றிக்கொள்ளக் கூடியது, வேறு நிறுவனத்தின் துணைச் செயலியைத் தனிக் கட்டணத்தில் வாங்கினால் கிடைப்பது, நிரல் எழுதினால்தான் வருவது ஆகிய நான்கையும் அவர்கள் அந்த ஒரே சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள்.

பதில் 2 (ஈஆர்பி செயலாக்க ஆலோசகர்)

மேலே எழுதிய அன்பரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஓரிடத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. உங்கள் சிக்கலான பரிவர்த்தனைகளை ஒரு மென்பொருள் செய்யவில்லை என்றால் அது மென்பொருளின் குறை என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். சில நடைமுறைகள் தொழிலின் இயல்பிலிருந்து வருபவை, கம்பியின் அளவை அலகு போல. அவற்றை விட்டுக்கொடுக்கக் கூடாது. வேறு சில, பழைய எக்செல் தாளால் செய்ய முடியாததற்காக யாரோ கண்டுபிடித்த சுற்றுவழிகள். அவற்றைப் புதிய மென்பொருளில் நிரல் எழுதிப் பாதுகாப்பது பெரும் விரயம்.

இதற்கு வெளிப்படையாகத் தெரிந்த எடுத்துக்காட்டு ஜெர்மனியின் லிடல் பல்பொருள் அங்காடி நிறுவனம். 2011இல் எஸ்ஏபி மென்பொருளுக்கு மாறத் தொடங்கி, ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவான பிறகு 2018இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. லிடல் தன் சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிட்டுவந்தது; மென்பொருளின் இயல்பான வழியோ விற்பனை விலை. தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ள நிறுவனம் விரும்பாததால் மென்பொருளை வளைத்தார்கள், வளைக்க வளைக்கச் சிக்கல் பெருகியது என்றுதான் அப்போது செய்திகள் வந்தன. நடுத்தர நிறுவனத்துக்கு அவ்வளவு பணமும் இல்லை, ஏழு ஆண்டுகள் காத்திருக்கும் தெம்பும் இல்லை.

கிளவுடில் இது இன்னும் கூர்மையாகிறது. உங்கள் சேவையகத்தில் இருந்த பழைய மென்பொருளைப் பத்தாண்டுகள் புதுப்பிக்காமலே ஓட்டலாம். கிளவுடில் அந்த வசதி இல்லை: மைக்ரோசாஃப்டின் ஈஆர்பியான பிசினஸ் சென்ட்ரலுக்கு ஏப்ரலிலும் அக்டோபரிலும் பெரிய புதுப்பிப்பு வருகிறது, ஆரக்கிளின் நெட்சூட்டும் ஆண்டுக்கு இருமுறை புதுப்பிக்கிறது. நீங்கள் எழுதிச் சேர்த்த நிரல் ஒவ்வொரு முறையும் உடையாமல் இருக்கிறதா என்று யாராவது சோதிக்க வேண்டும். அந்த ‘யாராவது’ உங்கள் ஆளா, மென்பொருளை அமைத்துத் தரும் செயலாக்கக் கூட்டாளியின் ஆளா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதை இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பயனர் கட்டணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 60 என்ற எண்ணை முதலில் உடைத்துப் பாருங்கள்: நாள் முழுவதும் பதிவு செய்பவர் எத்தனை பேர், ஒப்புதல் மட்டும் தருபவர் எத்தனை பேர், ரிப்போர்ட் மட்டும் பார்ப்பவர் எத்தனை பேர். பல மென்பொருள்களில் இரண்டாவது, மூன்றாவது வகையினருக்குக் குறைந்த விலை உரிமம் இருக்கும். அக்யுமாட்டிகா போன்ற ஈஆர்பி மென்பொருள்கள் பயனரை எண்ணாமல் பரிவர்த்தனை அளவை வைத்துக் கட்டணம் கேட்கின்றன; தொழிற்கூடத்தில் ஆளாளுக்கு வேலை நேரத்தைப் பதிவு செய்யும் நிறுவனத்துக்கு அது சாதகமாக அமையலாம், ஆள் குறைவாகவும் இன்வாய்ஸ் மலைபோலவும் இருக்கும் நிறுவனத்துக்கு அப்படி அமையாது. உற்பத்தி மாட்யூல், அதாவது மென்பொருளில் உற்பத்திக்கான பகுதி, எந்த நிலை உரிமத்தில் அடங்கியிருக்கிறது என்பதையும் பாருங்கள். எப்படியானாலும் சந்தா என்பது செலவின் ஒரு பகுதிதான். செயலாக்கம், தரவு இடமாற்றம், வங்கியோடும் பிற செயலிகளோடும் இணைப்பது, பயிற்சி, சோதனைச் சூழல், கூடுதல் சேமிப்பிடம் எல்லாவற்றையும் ஐந்து ஆண்டுகளுக்குக் கூட்டி மூன்றையும் ஒப்பிடுங்கள். முதல் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் சந்தா எவ்வளவு வரை உயரலாம் என்று உச்சவரம்பு எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம்.

இன்னொன்று. தொடங்கும் தேதியைப் பரபரப்பான பருவத்தில் வைக்காதீர்கள். அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 48 மாதங்களுக்குரிய வேலையை 30 மாதங்களுக்குள் சுருக்கி, 1999 ஜூலையில், தன் பெரிய விற்பனைப் பருவத்துக்குச் சற்று முன்னர் புதிய மென்பொருளை ஓட்டத் தொடங்கியது. கிடங்கில் சரக்கு இருந்தும் 10 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆணைகளை அதனால் அனுப்ப முடியவில்லை.

பதில் 3 (தகவல் அமைப்புத் தணிக்கையாளர்)

மூன்றாவது கேள்விக்கு, அதாவது வெளியேறுவதைப் பற்றி, நான் சொல்கிறேன். ஒப்பந்தம் போடும்போது பெரும்பாலோர் தொடாமல் விடும் பகுதி இதுதான்.

‘உங்கள் தரவு உங்களுடையது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்’ என்று எல்லாரும் சொல்வார்கள். எந்த வடிவில் என்று கேளுங்கள். எக்செல் தாள்களாக இன்வாய்ஸ் பட்டியல் கிடைக்கும், ஆனால் அந்த இன்வாய்ஸ் எந்த ஆணையிலிருந்து வந்தது, எந்தக் கடன் குறிப்பு அதைச் சரிக்கட்டியது என்ற தொடர்பு அறுந்திருக்கும். இணைத்து வைத்த பில் நகல்கள் தனியே கிடக்கும். யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற தணிக்கைத் தடம் வராமலே போகலாம். என்னைப் போன்றவர்கள் பல ஆண்டுகள் கழித்தும் கேட்பது அதைத்தான். சோதனைக் காலத்திலேயே ஒரு மாதத் தரவை முழுமையாக வெளியே எடுத்து, அந்தக் கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் இருப்புநிலைக் குறிப்பைத் தயாரிக்க முடிகிறதா என்று பாருங்கள். சந்தா முடிந்த பிறகு எத்தனை நாள்கள் பார்வையிட அனுமதி உண்டு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

நிரலை யாரும் பார்த்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள் இருந்தால் இந்தக் கவலை இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற மென்பொருள் முழுவதும் திறந்த மூலம், யாரும் தம் சேவையகத்தில் நிறுவிக்கொள்ளலாம். ஓடூ என்ற மற்றொரு மென்பொருளில் கம்யூனிட்டி பதிப்பு மட்டுமே திறந்தது, முழுமையான கணக்கியல் பகுதி கட்டணப் பதிப்பான என்டர்பிரைஸில் இருக்கிறது. கட்டணப் பதிப்பை அவர்களுடைய ஆன்லைன் சேவையில் பயன்படுத்தினால் நீங்கள் எழுதும் மாட்யூல்களை அதில் நிறுவ முடியாது; அதற்கு வேறு வகை ஹோஸ்டிங், அதாவது மென்பொருளை ஓட்டும் சேவையக ஏற்பாடு, வேண்டும். ‘திறந்த மூலம்’ என்ற சொல்லைக் கேட்டதும் அமைதியடையாமல், நீங்கள் வாங்கும் பதிப்பில் எது திறந்திருக்கிறது என்று பாருங்கள்.

சேவை உறுதியை, அதாவது எவ்வளவு நேரம் மென்பொருள் தடையின்றி ஓடும் என்ற வாக்குறுதியைப் பொறுத்தவரை கணக்கு எளிது. 99.9 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 8 மணி 45 நிமிடம் வரை நின்றுபோகலாம், 99.5 சதவீதம் என்றால் ஏறத்தாழ 44 மணி நேரம். தாளில் சிறிதாகத் தெரியும் அந்த வேறுபாடு உங்கள் மாதக் கடைசியில் வந்து விழுந்தால் எவ்வளவு என்று யோசியுங்கள். அறிவித்துச் செய்யும் பராமரிப்பு நேரம் இதில் சேராது, இழப்பீடும் பெரும்பாலும் சந்தாவில் சிறு கழிவாகத்தான் வரும். பாதுகாப்புக்கு, தகவல் பாதுகாப்பு மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 27001 சான்றிதழைக் காட்டுவார்கள். அதோடு நிற்காமல் வெளித் தணிக்கையாளர் தரும் எஸ்ஓசி 1 இரண்டாம் வகை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். நிதி அறிக்கையைப் பாதிக்கும் கட்டுப்பாடுகள் ஒரு குறிப்பிட்ட காலம் முழுவதும் இயங்கினவா என்று பேசுவது அந்த அறிக்கைதான். உங்கள் தணிக்கையாளரும் அதைத்தான் எதிர்பார்ப்பார்.

கேள்வி கேட்டவர், ஏழு வாரங்களுக்குப் பிறகு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடியே 11 பரிவர்த்தனைகளை எடுத்து மூன்று தரப்பினருக்கும் கொடுத்தோம். அறையில் என் இடத்தைப் பின்வரிசைக்கு மாற்றிக்கொண்டு, கிடங்கு எழுத்தரையும் கொள்முதல் உதவியாளரையும் முன்னால் உட்கார வைத்தேன். கணக்கு மூடிய பிறகு வரும் சரக்குத் திருப்பத்தில் ஒன்று தடுக்கி விழுந்தது: சரக்கு மீண்டும் இருப்பில் ஏறியது, ஆனால் அடக்க விலை பூஜ்யமாக ஏறியது. வந்திருந்தவர்கள் அன்று மாலை வரை முயன்றும் காரணத்தைச் சொல்ல முடியவில்லை. எங்கள் பேரேடும் கிடங்கும் ஒவ்வொரு மாதமும் ஒத்துப்போகாததற்கு இதே வகைப் பதிவுதான் காரணம் என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது. அந்த மென்பொருளை விலக்கிவிட்டோம்.

ஆலோசகர் சொன்ன எச்சரிக்கையும் பயன்பட்டது. 11இல் நான்கு, நாங்களே உண்டாக்கிக்கொண்ட சுற்றுவழிகள் என்று கொள்முதல் பிரிவே ஒப்புக்கொண்டு விட்டுக்கொடுத்தது. எஞ்சிய இரண்டு மென்பொருள்களில் ஒன்றின் தரப்பினர் சந்தா உயர்வுக்கு உச்சவரம்பு எழுதச் சம்மதித்திருக்கிறார்கள். மற்றவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இரண்டிலும் ஒரு மாதத் தரவை ஏற்றி, வெளியே எடுத்து, இருப்புநிலைக் குறிப்புப் போட்டுப் பார்க்கும் சோதனை அடுத்த வாரம் தொடங்குகிறது. அதற்காகத் தொழிற்கூட மேற்பார்வையாளர் தம் குறிப்பேட்டை முதன்முறையாக எங்களிடம் கொடுத்திருக்கிறார். இரண்டு பேர் உட்கார்ந்து, அவரிடம் கேட்டுக் கேட்டு, பக்கம் பக்கமாகப் பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள்.