தேய்ந்துபோன பாரசீக வெள்ளிக் காசு: எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க உதவி வேண்டும்

முகில்:
வணக்கம். மஸ்கட்டில் என்னோடு வேலை பார்த்த ஷிராஸ்காரர் ஒருவர் ஓய்வுபெற்று ஊருக்குப் போகும்போது ஒரு வெள்ளிக் காசைப் பரிசாகக் கொடுத்தார். அவருடைய அப்பா லண்டனில் படித்த காலத்தில் அங்கே ஒரு கடையில் வாங்கியதாம். "பழைய பாரசீகக் காசு" என்பதற்கு மேல் அவருக்கும் விவரம் தெரியவில்லை.

நகைக்கடைத் தராசில் 5.46 கிராம். வட்டமாக இல்லை. நீளவாக்கில் 15.5 மி.மீ., குறுக்கே 13 இருக்கும், தடிமன் சுமார் 4 மி.மீ. ஒரு பக்கம் கூன் விழுந்த முதுகு மாதிரி ஒரு மேடு, வேறொன்றும் புரியவில்லை. மறுபக்கம் நீள்சதுரமாக ஒரு குழி மட்டும். எழுத்து எங்கேயும் இல்லை. காந்தம் ஒட்டவில்லை. கறுத்துப்போய் இருப்பதால் விபூதி போட்டுத் தேய்த்தால் உருவம் தெரியும் என்கிறார்கள் வீட்டில். தேய்க்கலாமா? இது இஸ்லாம் வருவதற்கு முன் பாரசீகத்தை ஆண்ட சாசானியர்களின் காசா?

கரிசல்:
'கதையா' (Gadhaiya) என்கிற பழைய இந்தியக் காசாக இருக்குமோ? குஜராத், ராஜஸ்தான் பக்கம் நிறையக் கிடைக்கும். சாசானியக் காசைப் பார்த்து அடித்து அடித்து, ராஜாவின் முகம் கடைசியில் வெறும் கோடும் புள்ளியுமாக ஆனது. அதுவும் சின்னதாக, தடியாகத்தான் இருக்கும்.

பழங்காசு:
முதலில் விபூதி டப்பாவை எடுத்து உள்ளே வையுங்கள் முகில். பல்பொடி, புளி, எலுமிச்சை, பாலிஷ் எதுவும் வேண்டாம். குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி தேய்த்தால், மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு கோடுகளும் போய்விடும். அந்தக் கறுப்புதான் பள்ளத்தில் தங்கி உருவத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அதை எடுத்துவிட்டால் மழுங்கிய வெள்ளிக் கட்டிதான் கையில் நிற்கும்.

கரிசல், நல்ல ஊகம். ஆனால் கதையா காசு ஏறக்குறைய 4 கிராம்தான். தேய்ந்தால் எடை குறையுமே தவிர ஏறாது. அதில் இரண்டு பக்கமும் உருவம் உண்டு. ஒரு பக்கம் தலை, மறுபக்கம் தீ மேடை. சாசானியக் காசும் 4 கிராமை ஒட்டித்தான், அகலமான மெல்லிய தகடு. சாசானியருக்கு முன் ஆண்ட பார்த்தியரின் காசில் ராஜாவின் தலை, பின்னால் வில்லோடு உட்கார்ந்திருக்கும் ஆள், சுற்றிலும் கிரேக்க எழுத்து. இவை எதிலும் பின்பக்கம் வெறும் குழியாக இருக்காது.

மொச்சைக்கொட்டை வடிவம், ஐந்தரை கிராம், பின்னால் நீள்சதுரக் குழி என்று மூன்றும் சேர்ந்தால் என் கை ஒரே இடத்துக்குத்தான் போகிறது: அலெக்சாண்டருக்கு முன் பாரசீகத்தை ஆண்ட அகாமனிசியப் பேரரசின் சிக்லோஸ். டேரியஸ், செர்க்சஸ் என்ற ராஜாக்கள் காலத்து வெள்ளிக் காசு. ஆனால் உருவத்தைப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன்.

அறையை இருட்டாக்குங்கள். காசை மேசையில் வைத்து, செல்போன் டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் மேசை மட்டத்திலிருந்து பக்கவாட்டில் அடியுங்கள். காசை மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கோணத்தில் தெரியாதது இன்னொரு கோணத்தில் எழுந்து நிற்கும். நீங்கள் சொன்ன கூன் முதுகு ஆளின் முதுகாக இருந்தால், அது இடப்பக்கம் வரும்படி பிடியுங்கள். அப்போதுதான் ஆள் வலப்பக்கம் பார்ப்பான்.

முகில்:
அண்ணா, ஆள் வந்துவிட்டான்! ஒரு முட்டி தரையைத் தொடுகிற மாதிரி ஓடுகிறான். தலையில் பல் பல்லாக ஏதோ இருக்கிறது, இரண்டு பல் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. முகம் சுத்தமாக இல்லை. வலது ஓரத்தில் வளைந்த கோடு. உடம்புக்குக் குறுக்கே சாய்வாக இன்னொரு நீளக் கோடு. இது போக முன்பக்கம் இரண்டு, குழிப்பக்கம் ஒன்று என்று பொடிப்பொடியாகத் தனிக் குழிகள். அதில் ஒன்று பிறை மாதிரி இருக்கிறது. பின்னால் யாரோ சேதப்படுத்தியதா?

பழங்காசு:
சரி, சிக்லோஸ்தான். பல் பல்லாக இருப்பது ராஜாவின் கிரீடம், வளைந்த கோடு வில், குறுக்கே போவது ஈட்டி.

இந்தக் காசில் நான்கு வகை உண்டு. முதலாவதில் ராஜா இடுப்பளவு மட்டும் தெரிவார், கையில் அம்புகள். இரண்டாவதில் மண்டியிட்டு அம்பு எய்வார். மூன்றாவதில் ஈட்டியும் வில்லுமாக ஓடுவார். நான்காவதில் ஈட்டிக்குப் பதில் குத்துவாள். தேய்ந்த காசில் கடைசி இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் கண் வலிக்கும். குத்துவாள் என்றால் கைக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடும். உங்களுக்கு உடலைக் கடந்து நீளமாகப் போகிறது. ஆக மூன்றாவது வகை.

இனி எடை. தொடக்ககாலச் சிக்லோஸ்கள் 5.35 கிராம் அளவுக்கு அடிக்கப்பட்டவை. பிறகு அதை 5.55 கிராமை ஒட்டி உயர்த்தினார்கள். உங்களுடையது இவ்வளவு தேய்ந்தும் 5.46 நிற்கிறது என்றால் பழைய எடைக்கு அடித்த காசாக இருப்பதற்கு வாய்ப்பு குறைவு. எடையை உயர்த்திய பிறகு, அதாவது கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் அடித்தது என்பது என் கணிப்பு.

எந்த ராஜா என்று மட்டும் கேட்காதீர்கள். எழுத்தே இல்லாத காசு. ராஜா மாறினாலும் உருவம் மாறவில்லை, ஏனென்றால் அது தனி ஆளின் முகமே இல்லை, அரச பதவியின் அடையாளம். விற்பவர்கள் அட்டையில் "டேரியஸ் காசு" என்று எழுதினால் விலை ஏறும், அவ்வளவுதான்.

அந்தப் பொடிக்குழிகள் சேதம் இல்லை. காசு கைமாறிய இடங்களில் அன்றைய வணிகர்கள் அடித்த சோதனை முத்திரைகள். உள்ளே செம்பை வைத்து மேலே வெள்ளி போர்த்திய காசுகள் அன்றைக்கே புழங்கின. சந்தேகம் வந்தால் ஒரு குத்து, அவ்வளவுதான். சிக்லோஸ்களில் இவை சர்வசாதாரணம். சிலவற்றின் வடிவம் நம் நாட்டு முத்திரைக் காசுகளில் உள்ள குறிகளை ஒத்திருப்பதாக முந்தைய தலைமுறை ஆய்வாளர்கள் சிலர் எழுதியதும் உண்டு. 1933-இல் காபூலில் கிடைத்த சமன்-இ-ஹஜூரி புதையலில் கிரேக்கக் காசுகள், உள்ளூர் வளைந்த வெள்ளிப் பட்டைகளோடு சில சிக்லோஸ்களும் இருந்தன.

தறிமேடை:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பாரசீகக் காசு என்கிறோம், ஆனால் இது பாரசீகத்தில் அடித்ததா?

பழங்காசு:
நல்ல கேள்வி. இல்லை. இன்றைய துருக்கியின் மேற்கில், லிடியாவின் தலைநகரான சார்திஸில் அடித்தார்கள் என்பதுதான் பொதுவான கருத்து. குரோசஸ் ஆண்ட ஊர் அது. கி.மு. 546 வாக்கில் பாரசீக ராஜா சைரஸ் அதைப் பிடித்தார். அதன் பிறகும் கொஞ்ச காலம் குரோசஸின் சிங்கமும் காளையும் போட்ட காசையே அடித்தார்கள். வில்லாளி ராஜா வந்தது டேரியஸ் காலத்தில். பாரசீகத் தலைநகர் பெர்சபோலிஸில் கிடைத்த ஒரு களிமண் பலகையில் அம்பு எய்யும் ராஜா போட்ட காசின் தடம் பதிந்திருக்கிறது. பலகையில் டேரியஸின் 22-ஆம் ஆட்சியாண்டு, அதாவது கி.மு. 500 என்று குறித்திருப்பதால் இரண்டாவது வகை அதற்குள் வந்துவிட்டது என்று உறுதியாகிறது. ஆனால் அதே பெர்சபோலிஸில் வேலையாட்களுக்குக் கூலி தானியமாகவும், ஒயினாகவும், பிற்காலத்தில் எடைபோட்ட வெள்ளியாகவும்தான் போனது. காசு புழங்கியது பெரும்பாலும் பேரரசின் மேற்குக் கரையில்.

தறிமேடை:
அந்தக் காலத்தில் இதை வைத்து என்ன வாங்கலாம்?

பழங்காசு:
கிரேக்க எழுத்தாளர் செனபோன் எழுதியிருக்கிறார். கி.மு. 401-இல் பாரசீக இளவரசர் இளைய சைரஸ் கிரேக்கக் கூலிப்படையோடு பாபிலோன் நோக்கிப் போகும்போது வழியில் தானியம் தீர்ந்துபோகிறது. கூடவே வந்த லிடியச் சந்தையில்தான் வாங்க வேண்டிய நிலை. இரண்டு கோய்னிக்ஸ் மாவு நான்கு சிக்லோஸ். ஒரு கோய்னிக்ஸ் ஒரு ஆளின் ஒரு நாள் சாப்பாடு. வீரனுக்கு மாதச் சம்பளம் ஒரு தாரிக் பொற்காசு, அதாவது 20 சிக்லோஸ். முன்னேறச் சம்மதிக்க வைப்பதற்காக அதை ஒன்றரை தாரிக்காக உயர்த்தினார்கள். பழைய சம்பளக் கணக்கில் பார்த்தால் இரண்டு நாள் மாவுக்கு ஆறு நாள் கூலி. வீரர்கள் மாவை விட்டுவிட்டு இறைச்சியை மட்டும் தின்று காலம் தள்ளினார்கள் என்கிறார். பகல் கொள்ளைதான்.

முகில்:
அப்படியென்றால் ஒரு வீரனின் ஒன்றரை நாள் கூலி என் கையில் இருக்கிறதா! சரி, அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழங்காசு:
வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மில்லிகிராம் தராசில் ஒரு சின்னத் தம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, தம்ளரின் அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் 5.46-ஐ வகுங்கள். சுத்த வெள்ளிக்கு 10.5 வரும், செம்புக்கு 8.9. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு இருக்கிறதா, பரப்பில் குமிழித் துளைகள் இருக்கின்றனவா என்று லென்ஸில் பாருங்கள். இருந்தால் வார்ப்புப் போலி.

முகில்:
தராசு 0.53 காட்டியது. 10.3 வருகிறது. ஒட்டுக்கோடு இல்லை. ஓரத்தில் மெல்லிய வெடிப்பு ஒன்று இருக்கிறது.

பழங்காசு:
10.3 நல்ல எண். உள்ளே செம்பு இல்லை. குண்டு வெள்ளியைச் சம்மட்டியால் அடிக்கும்போது ஓரம் இப்படி வெடிப்பது சகஜம். ஆனால் வெள்ளியிலேயே அச்சடித்த போலிகளும் உண்டு. அதற்கு நேரில் கையில் எடுத்துப் பார்க்கும் ஆள் வேண்டும். தேய்மானமும் முத்திரைகளும் நீங்கள் சொன்னபடி இருந்தால் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. அரிய காசு இல்லை, இந்த நிலையில் பெரிய விலையும் போகாது.

அந்த ஷிராஸ் நண்பரிடம் லண்டன் கடைச் சீட்டு, உறை ஏதாவது இருந்தால் இப்போதே கேட்டு வாங்குங்கள். துருக்கி, ஈரான் இரண்டுமே தொல்பொருள் வெளியே போவதை அனுமதிப்பதில்லை. காசு எப்போதோ லண்டனில் வாங்கியது என்பதற்கு அந்தத் துண்டுச் சீட்டுதான் சாட்சி. ஊருக்குக் கொண்டுவருவதாக இருந்தால் சுங்கத்தில் சொல்லியே கொண்டுவாருங்கள். நூறு வருடம் தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உள்ளே வந்தபின் நம் இஷ்டத்துக்குத் திரும்ப வெளியே கொண்டுபோக முடியாது.

பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டாம். பிவிசி உறையில் நாளடைவில் பச்சையாகப் பிசுக்கு ஏறும். அமிலம் இல்லாத காகித உறை போதும்.

முகில்:
கடைசியாக ஒன்று. இதை டாலராகச் செய்து செயினில் போடலாமா என்று மனைவி கேட்கிறார்.

பழங்காசு:
துளை போடவோ, வளையம் பற்றவைக்கவோ வேண்டாம் என்று சொல்லுங்கள். இத்தனை வருட வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் பதத்தில் இருக்கலாம், அந்த வெடிப்பு வழியாகவே இரண்டாகப் போகும். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் சூடு வைக்காமல் நான்கு கொக்கியில் பிடிக்கிற சட்டம் செய்யச் சொல்லுங்கள், நல்ல பத்தர் செய்துகொடுப்பார். ராஜா பக்கம் வெளியே தெரியட்டும்.