‘ஃப்ரை’ என்றால் பொரித்ததா, பொரிந்ததா?

ஐந்து ஊர்களிலிருந்து ஐந்து பேர் எழுதுகிறார்கள்.

குழித்துறை
குளம் குத்தகைக்கு எடுத்த சித்தப்பாவின் கடன் விண்ணப்பத்துக்காக ஆங்கிலத் தாள்களை நான்தான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். கட்லா, ரோகு, மிர்கால் என்று மீன் பெயர்கள். பக்கத்தில் ‘ஃப்ரை 5,000’. ‘பொரித்த மீன்’ என்று எழுதிவிட்டேன். சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் முற்றத்துக்கு அழைத்துப் போனார். அன்று காலையில் வந்த பாலித்தீன் பையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கொஞ்சம் தண்ணீர், மீதியெல்லாம் ஆக்சிஜன். கட்டைவிரல் நகத்தளவு குஞ்சுகள். உடம்பு கண்ணாடி போல, கண் மட்டும் இரண்டு கரும்புள்ளி. “இதுதான் மக்களே அந்த ஃப்ரை. பொரித்து மூன்று வாரம் இருக்கும்” என்றார். நான் எழுதியதும் அதே சொல்தானே! எண்ணெயில் பொரிப்பதற்கும் குஞ்சு பொரிப்பதற்கும் நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்திலும் சட்டியில் கிடப்பதற்கும் பையில் நீந்துவதற்கும் ஒரே சொல். இரண்டுக்கும் எங்கோ ஒரே வேர் இருக்க வேண்டும்.

தக்கலை
அந்த முடிவுக்கு மட்டும் போக வேண்டாம். சமையல் ‘ஃப்ரை’ லத்தீனின் ‘ஃப்ரீகெரே’ என்ற வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மீன்குஞ்சைக் குறிக்கும் ‘ஃப்ரை’ தனிச் சொல். விதையைக் குறிக்கும் பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழி) சொல்லோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். வேறு வேறு ஊற்றில் பிறந்து ஒரே ஒலியில் வந்து நின்றவை. நம் ‘பொரி’க்கு இவை இரண்டுமே உறவில்லை. நெல் பொரியும்போதும் முட்டை பொரியும்போதும் மேலோடு வெடிக்கிறது. நம் சொல்லின் இரு பொருளையும் சேர்ப்பது அதுதான் என்று எனக்குப் படுகிறது.

எனக்கு உறுத்துவது வேறு. வறு, பொரி, வதக்கு மூன்றுக்கும் ஆங்கிலத்தில் பெரும்பாலும் இந்த ஒரு சொல்லையே போட்டுவிடுகிறோம். வறுத்தரைத்த குழம்பின் பக்குவம் கேட்ட வடநாட்டுத் தோழிக்கு ‘தேங்காயை ஃப்ரை செய்’ என்று எழுதி அனுப்பினேன். துருவிய தேங்காய் முழுவதையும் கொதிக்கும் எண்ணெயில் கொட்டிவிட்டாள். கருகி மிதந்த அந்தச் சட்டியைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். ஒரு தேங்காய் வீண்.

மார்த்தாண்டம்
இங்கிலாந்தில் செவிலியராகச் சேர்ந்த முதல் வாரம். ஒரு மூதாட்டி கழுத்தைத் தொட்டுக் காட்டி ‘பாயில்’ என்றார். வெந்நீர் கேட்கிறார் என்று கெட்டிலை எடுக்கப் போனேன். அவர் கையைப் பிடித்து இழுத்து, சிவந்து பழுத்திருந்த கட்டியின்மேல் என் விரலை வைத்தார். அந்தச் சூடு இன்றும் விரலில் இருக்கிறது. கொதிக்கும் ‘பாயில்’ குமிழியைக் குறிக்கும் ‘புல்லா’ என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. கட்டிக்கான ‘பாயில்’ பழைய ஆங்கிலச் சொல். ஆனால் நமக்கு நீர்க்குமிழியும் கொப்புளம், தோலில் வருவதும் கொப்புளம்.

குளச்சல்
எங்களுக்கு ஃப்ரை என்றால் நெத்திலிதான். மச்சான் ஒருமுறை குளத்தில் குஞ்சு விட்டார். மறுநாளே செத்து மிதந்தன. அதனால் குழித்துறைக்காரருக்குச் சொல்கிறேன். பையை அவிழ்த்தவுடன் கொட்டாதீர்கள். கட்டியபடியே குளத்தில் கால் மணி நேரமாவது மிதக்க விடுங்கள். உள்ளும் வெளியும் ஒரே சூட்டுக்கு வரட்டும். பிறகு குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் விட்டு, வாயைச் சரித்துப் பிடியுங்கள்; குஞ்சுகள் தாமாக நீந்திப் போகும். காலையிலோ மாலையிலோ விடுங்கள், உச்சிவெயில் கூடாது. அதற்கு முன்பே விரால் முழுவதையும் பிடித்துவிடுங்கள். ஒன்று தங்கினாலும் மொத்தத்தையும் தின்றுவிடும். குளம் புதிதென்றால் குஞ்சு சிறியதாக வாங்கவே வேண்டாம், விரலளவு வளர்ந்ததாகக் கேளுங்கள். விலை கூடும், ஆனால் பிழைக்கும்.

நாகர்கோவில்
மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணன் மகளிடம், அடைக்கோழியைக் காட்டி, “நாளைக்குக் குஞ்சு பொரித்துவிடும்” என்றார் ஆச்சி. பிள்ளை இரவு சாப்பிடவில்லை. அழுதாள், காரணமும் சொல்லவில்லை. விடியற்காலையில் எழுந்து பார்த்தேன். கூடைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு முட்டையில் விரிசல். அதற்குள்ளிருந்து ஈர மூக்கு ஒன்று ஓட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: “அத்தை, அப்படியென்றால் ஆச்சி எண்ணெய் வைக்கவில்லையா?”