நான்கு மாதங்களாகியும் குழுவில் விருந்தாளியாகவே இருக்கிறேன்

கேள்வி:
வாரம் ஒருமுறை கூடும் தையற்குழுவொன்றில் நான்கு மாதங்களுக்கு முன்பு சேர்ந்தேன். இரண்டு மணி நேரம் அருகருகே அமர்ந்து தைக்கிறோம். எல்லோரும் அன்பாகவே பேசுகிறார்கள். ஆனாலும், தாங்கள் முன்பு சேர்ந்து செய்தவற்றை அவர்கள் நினைவுகூரத் தொடங்கினால், நான் ஊசியில் நூல் கோக்கும் பாவனையில் தலையைக் குனிந்துகொள்கிறேன். இது என் குழு என்ற எண்ணம் எப்போதுதான் வரும்? விலகிவிடலாமா?

மறுமொழி 1:
அவசரப்பட்டு விலக வேண்டாம். புதிதாகத் தொடங்கப்பட்ட பாட்டு, கைவினை, எழுத்து வகுப்புகளை ஏழு மாதங்கள் கவனித்து, பியர்ஸ், லானே, டன்பார் ஆகியோர் 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாடியவர்களே முதலில் விரைவாக நெருங்கினார்கள் என்றாலும், ஏழாம் மாதத்திற்குள் மற்ற வகுப்பினரும் அதே நெருக்கத்தை எட்டிவிட்டார்கள். அங்கே எல்லோருமே புதியவர்கள். நீங்களோ ஏற்கெனவே பழகியவர்களிடையே சென்றிருப்பதால், இன்னும் சற்றுக் கூடுதல் காலம் பிடிப்பது இயல்புதான்.

மறுமொழி 2:
அறிமுகமானவர் சாதாரண நண்பராக மாறுவதற்கே ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் தேவைப்படுவதாக ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளர் 2018-இல் எழுதினார். உங்கள் கணக்கு இன்னும் 35 மணி நேரத்தைக்கூடத் தாண்டியிருக்காது.

மறுமொழி 3:
காலம் மட்டும் போதாது என்பது என் கருத்து. சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப் 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 22 சிறுவர்களை இரு அணிகளாக்கிப் போட்டியிடச் செய்து நடத்திய ஆய்வில், ஒரே அறையில் உண்பதாலும் திரைப்படம் பார்ப்பதாலும் அவர்களுக்குள் மூண்ட பகை தணியவில்லை. தடைபட்ட குடிநீரைச் சரிசெய்வது, நின்றுபோன வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது என எல்லோருடைய கையும் தேவைப்பட்ட வேலைகள் வந்த பிறகே அது படிப்படியாகக் குறைந்தது.

நானும் ஒரு நாடகக் குழுவில் ஓராண்டுக் காலம் ஓரமாகவே நின்றவன். ஒத்திகை முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கி அறையைப் பூட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒருநாள் காய்ச்சலால் என்னால் போக முடியவில்லை. பூட்டிய கதவின் முன் நின்றுகொண்டு தொலைபேசியில் அழைத்தவர்கள், சாவியைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்கள். அன்றுதான் நான் அவர்களில் ஒருவன் என்பதை உணர்ந்தேன். நீங்களும் சிறியதாக ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. எல்லோரும் சேர்ந்து தைத்துவரும் ஒட்டுத்துணிப் போர்வையின் ஓரம் இன்னும் மடித்துத் தைக்கப்படாமல் இருக்கிறது. அந்த வேலையை என்னிடம் தரும்படி அடுத்த வாரம் கேட்கப்போகிறேன்.