ரெண்டு பேருக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்: குடும்பக் குழுவில் வெள்ளி இரவு

*வெள்ளி, இரவு 8:40*

அண்ணா: நாளைக்குக் காலையில நாங்க ரெண்டு பேரும் ஸ்பீக்கர் கேட்கப் போறோம். புக்ஷெல்ஃப்தான், அதாவது ஸ்டாண்ட்லயோ மேசையிலயோ வைக்கற சின்னப் பெட்டி. மூணு மாடல் பார்த்து வச்சிருக்கோம்: கெஃப் எல்எஸ்50 மெட்டா, ஹார்பெத் பி3இஎஸ்ஆர், டைனாடியோ ஸ்பெஷல் ஃபார்ட்டி. ஹால் 14க்கு 11 அடி, தரை விட்ரிஃபைடு டைல்ஸ். 14 அடிச் சுவர்ல டிவி, எதிர்ச் சுவரை ஒட்டி சோபா. ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) இருக்கு, 8 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கருக்கு 60 வாட், 4 ஓமும் தாங்கும்னு மேனுவல்ல போட்டிருக்கு. கடையில என்னென்ன கவனிக்கணும்?

அண்ணி: சேர்ந்து உட்கார்ந்து கேட்கறதுக்குத்தான் வாங்கறோம் மாமா. அதையும் மனசுல வச்சுச் சொல்லுங்க.

சித்தப்பா: அதுலேர்ந்தே ஆரம்பிக்கணும்மா. கடையில நடுவுல ஒரு நாற்காலி போட்டிருப்பாங்க. ஒருத்தர் உட்கார, ஒருத்தர் நிப்பீங்க. வீட்ல அந்த நடு இடத்துல யாருமே உட்கார மாட்டீங்க. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் விலகித்தான் இருப்பீங்க.

சித்தப்பா: கணக்கு இதோ. ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் 2 மீட்டர், சோபா 2.4 மீட்டர் தள்ளி, நடுக்கோட்டுலேர்ந்து ஆளுக்கு 35 செ.மீ. விலகல். உங்களுக்குப் பக்கத்துல இருக்கற ஸ்பீக்கர் 2.49 மீட்டர், தூரத்துல இருக்கறது 2.75 மீட்டர். 27 செ.மீ. வித்தியாசம். ஒலி அதைக் கடக்க முக்கால் மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் மேல ஆகும். இவ்வளவு சின்ன தாமதம் போதும், பாடறவங்க குரல் நடுவுலேர்ந்து நகர்ந்து பக்கத்து ஸ்பீக்கருக்குள்ள போய் உட்கார்ந்துடும்.

அண்ணா: அப்ப ரெண்டு பேர் கேட்கவே முடியாதா?

சித்தப்பா: முடியும்டா. ஸ்பீக்கரை நல்லா உள்பக்கம் திருப்பு. ரெண்டு ஸ்பீக்கரோட நேர்கோடும் உங்க முகத்துக்கு 30, 40 செ.மீ. முன்னாடியே ஒண்ணையொண்ணு வெட்டணும். அப்போ வலப்பக்கம் இருக்கறவங்களுக்கு இடது ஸ்பீக்கர் நேராவும், வலது ஸ்பீக்கர் சாய்வாவும் தெரியும். தூரத்துல இருக்கறது தாமதமா வந்தாலும் கொஞ்சம் கூடுதல் சத்தத்தோட வரும். அது தாமதத்தை ஓரளவு ஈடு கட்டி, குரலை நடுவுக்கு இழுத்துட்டு வரும்.

சித்தப்பா: ஆனா இந்த உத்தி எல்லா ஸ்பீக்கருக்கும் செல்லாது. பக்கவாட்டுல போகப் போக ஒலி சீராக் குறையணும். சில ஸ்பீக்கர்ல நேரா கேட்டா அருமையா இருக்கும், 30 டிகிரி விலகினா 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல பள்ளமோ மேடோ வந்துடும். தனியாக் கேட்கறவருக்கு அது பரவாயில்லை. உங்களுக்கு ஆகாது.

நான்: அண்ணா, நாளைக்கு முதல் சோதனை இதுவா இருக்கட்டும். பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்ணும் கலந்த, மழை இரைச்சல் மாதிரி சோதனை ஒலி) கோப்பு ஒண்ணு போன்ல ஏத்திக்கோ. ஒரே ஒரு ஸ்பீக்கர்ல மட்டும் ஓட விட்டு, நேரா நின்னு கேளு, அப்புறம் மெதுவா பக்கவாட்டுல நட. கொஞ்சம் மங்கறது சகஜம். ஆனா சத்தத்தோட நிறமே சட்டுனு மாறினா அந்த மாடல் ரெண்டு பேருக்கு உதவாது. அப்புறம் உட்கார்ந்து எழுந்து பாரு. ட்வீட்டரும் (உச்ச ஒலி தர்ற சின்ன யூனிட்) வூஃபரும் (அடி ஒலி தர்ற பெரிய யூனிட்) மேல கீழ தனித்தனியா இருக்கறதுல எழுந்தா மாற்றம் தெரியும். கெஃப்ல ட்வீட்டர் வூஃபரோட நடுவுலயே இருக்கறதால மாற்றம் ரொம்பக் குறைவு.

நான்: அதுக்கப்புறம் ஒரு பழைய மோனோ சினிமாப் பாட்டு, அதாவது ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே ஒலி வர்றது. 60கள்ல வந்தது எதுவானாலும் சரி, ஸ்டீரியோவா மாத்தின பதிப்பு மட்டும் வேண்டாம். ரெண்டு ஸ்பீக்கரும் ஓடட்டும், நீங்க வீட்ல உட்கார்ற மாதிரியே பக்கத்துல பக்கத்துல உட்காருங்க. குரல் எங்கேயிருந்து வருதுன்னு ஆளுக்கொரு விரலைக் காட்டுங்க. ரெண்டு விரலும் ஒரே இடத்தைக் காட்டணும்.

அத்தை: நல்ல சோதனை. அதோட ஒயர் சிவப்பு கறுப்பு மாறியிருந்தாலும் மோனோ பாட்டுல உடனே தெரிஞ்சுடும். குரல் எந்த இடத்துலயும் நிக்காது, அடித்தட்டு ஒலியும் காணாமப் போயிடும். கடைகள்ல அவசரமா மாத்தி மாட்டும்போது இது நடக்கறதுண்டு.

*இரவு 9:05*

அண்ணி: சத்தம் எவ்வளவு வைக்கணும்?

நான்: அண்ணி, இதுலதான் நிறையப் பேர் ஏமாந்து போறாங்க. ஆம்ப்போட வால்யூம் குமிழ் அதே நிலையில இருந்தா கெஃப் 85 டெசிபெல், ஹார்பெத் 83.5, டைனாடியோ 86 தரும். இது 2.83 வோல்ட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்துல. அதாவது குமிழைத் தொடாம மாத்தி மாத்திக் கேட்டா டைனாடியோ ஹார்பெத்தை விட 2.5 டெசிபெல் தூக்கலாக் கேட்கும். 1 டெசிபெல் கூடினாலே நமக்கு அது "சத்தம் அதிகம்"னு தோணாது, "தெளிவா இருக்கு, உயிரோட்டமா இருக்கு"ன்னுதான் தோணும்.

நான்: அதனால போன்ல ஒலி அளக்கற ஆப் ஒண்ணு போட்டுக்கங்க. அதுல "சி வெயிட்டிங்", "ஸ்லோ"ங்கற அமைப்புகளைத் தேர்ந்தெடுங்க. ஆப் காட்டற எண் துல்லியமா இருக்காது, ஆனா ஒப்பிடப் போதும். அதே பிங்க் நாய்ஸ், போனை அதே இடத்துல பிடிச்சு, ஒவ்வொரு ஜோடிக்கும் 72 வர்ற மாதிரி வச்சு, ஆம்ப் காட்டற எண்ணைக் குறிச்சுக்கங்க. எண் காட்டாத குமிழ்னா சின்ன டேப் ஒட்டி அடையாளம் போடுங்க. அரை டெசிபெலுக்குள்ள இருக்கணும்.

அண்ணா: நான் அவங்க காட்டற பெரிய ஆம்ப்லயே கேட்டுடலாம்னு இருந்தேன்.

சித்தப்பா: வேண்டாம். உன்கிட்ட இருக்கற மாதிரி 50, 60 வாட் ஆம்ப்ல கேட்கறேன்னு இப்பவே சொல்லி வை. உனக்கு வாட் போதும். 2.4 மீட்டர்ல சராசரி 75 டெசிபெல்னா ஒரு வாட் கூட ஆகாது, தவில் உச்சத்துக்கு 20 டெசிபெல் மேல போனாலும் 20 வாட்டைச் சுத்தித்தான். ஆனா எல்எஸ்50 மெட்டா 8 ஓம்னு போட்டிருந்தாலும் சில அதிர்வெண்கள்ல 3.5 ஓம் வரைக்கும் இறங்கும். உன் ஆம்ப் 4 ஓம் தாங்கறதால தப்பிச்சே. 8 ஓமுக்கு மட்டும்னு போட்ட மலிவு ரிசீவர்னா சத்தம் கூட்டும்போது சூடேறி உரத்த இடங்கள்ல கரகரக்கும்.

அத்தை: என்ன பாட்டு கேட்கறதுன்னு நான் சொல்றேன். கூட்டமா வாத்தியம் இருக்கற பாட்டு முதல்ல வேண்டாம்.

அத்தை: 1) தம்புரா மட்டும் அரை நிமிஷம். ஜீவா (கம்பிக்கு அடியில வைக்கற நூல் தர்ற ரீங்காரம்) சுருதியோட சேர்ந்தே மிதக்கணும். கம்பி உரசற சத்தம் சுருதியை விட்டுத் தனியாப் பிரிஞ்சு மேல வந்து நின்னா அந்த ஸ்பீக்கர்ல ட்ரெபிள் (மேல் அதிர்வெண் ஒலி) தூக்கலா இருக்கு.

அத்தை: 2) மிருதங்கத் தனி. வலந்தலையில (வலது முகம்) சாதம்ங்கற கறுப்பு வட்டத்துல அடிக்கும்போது சுருதி தெரியணும். முக்கியமா தொப்பியில (இடது முகம்) கும்கி. அது வளைஞ்சு வளைஞ்சு வர்ற நாதம். எந்தக் கும்கியும் ஒரே "தொம்"மா விழுந்தா அது மிருதங்கம் பேசலை, பெட்டியோ அறையோ பேசுது.

அத்தை: 3) பெண் குரல், பக்கவாத்தியம் குறைவா. ஸ, ச வர்ற இடமெல்லாம் கவனி. சீறக் கூடாது, மழுங்கவும் கூடாது. 4) நாகஸ்வரம், கொஞ்சம் நல்ல சத்தத்துல, அஞ்சு நிமிஷம் விடாம. கை தானா ரிமோட்டைத் தேடினா அந்த ஜோடியை ஒதுக்கிடுங்க. சபாவுல தூரத்து மைக்ல பதிஞ்சது வேண்டாம், ஸ்டூடியோப் பதிவா எடுத்துக்கங்க.

அண்ணி: எனக்கு எப்பவும் அந்த ஸ, ச சீறல்தான் உறுத்தும். அவருக்குத் தெரியவே தெரியாது.

அத்தை: ரெண்டு பேர் காது ஒண்ணா இருக்காதும்மா. வயசு ஏற ஏற மேல் அதிர்வெண்கள் முதல்ல குறையும், அதுவும் ஆளுக்கு ஆள் வேற வேற. இதுல ஓட்டெடுப்பு கிடையாது. யாருக்கு உறுத்துதோ அவங்க வேண்டாம்னா வேண்டாம்தான். உறுத்தற ஸ்பீக்கரை வீட்ல வச்சா ஒருத்தர் எழுந்து உள்ள போயிடுவாங்க, இன்னொருத்தர் தனியா உட்கார்ந்து கேட்கணும்.

சித்தப்பா: முழுக்க ஒத்துக்கறேன். இன்னொண்ணு, "நூறு மணி நேரம் ஓடினா சரியாயிடும்"னு கடையில சொல்வாங்க. வூஃபரோட விளிம்பு முதல் சில மணி நேரத்துல லேசாத் தளரும், அவ்வளவுதான். ட்ரெபிள் சீறல் போகாது, நம்ம காதுதான் பழகிப் போகும். நாளைக்கு உறுத்தினா அடுத்த வருஷமும் உறுத்தும்.

*இரவு 9:30*

அண்ணா: கேட்டுட்டு எப்படி முடிவு பண்றது? கடையில நின்னு பேச ஆரம்பிச்சா யார் முதல்ல சொல்றாங்களோ அது பக்கமே ரெண்டு பேரும் சாய்ஞ்சிடுவோம்.

நான்: பேசாதீங்க. ஆளுக்கொரு தாள். குரல், அடித்தட்டு, களைப்பு, மூணுக்கும் பத்துக்கு மார்க் போட்டு மடிச்சு வைங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் சேர்ந்து பிரிங்க. ரெண்டாவது சுத்துல வரிசையைத் தலைகீழாக்குங்க, ஏன்னா கடைசியாக் கேட்டதுதான் மனசுல நிக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க 20, 30 செகண்ட் துண்டு போதும், அதுக்கு மேல காது மறந்துடும். ஆனா எது களைப்பாக்குதுன்னு தெரிய ஒரே ஜோடியில முக்கால் மணி நேரம் உட்காரணும். ரெண்டும் வேணும்.

நான்: முடிஞ்சா மறைச்சு வச்சுக் கேளுங்க. ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ்னு ரெண்டு ஒலி ஆராய்ச்சியாளர்கள் நடத்தின சோதனைகள்ல இது தெளிவா வந்திருக்கு. பார்த்துக் கேட்கும்போது போட்ட மார்க்கும் பார்க்காமக் கேட்டு போட்ட மார்க்கும் மாறுது. பெட்டியோட அளவு, விலை, பேர் எல்லாம் காதுக்குள்ள வந்துடுது. பார்க்காமக் கேட்டப்போ பெரும்பாலானவங்க நேர்ல சமமாவும் பக்கவாட்டுல சீராவும் இருக்கற ஸ்பீக்கரைத்தான் விரும்பினாங்க.

அண்ணி: தம்பி, நீயும் வாயேன். நீ மாத்தி மாட்டு, நாங்க கேட்கறோம்.

நான்: வரேன் அண்ணி. மெல்லிசாப் பருத்தித் துணி ஒண்ணு எடுத்துட்டு வாங்க. வாயை வச்சு ஊதினா காத்து தாராளமா அந்தப் பக்கம் வரணும், அப்பதான் ட்ரெபிளைத் தடுக்காது. மூணு ஜோடியும் அதே ஸ்டாண்ட்ல அதே இடத்துல வரணும். பக்கத்துல பக்கத்துல வச்சா தள்ளி இருக்கறது தோத்துடும்.

சித்தப்பா: ஹார்பெத்தைக் கிரில் (முன்பக்கத் துணி மூடி) போட்டே கேளுங்க, அதோட சேர்த்துத்தான் அவங்க ஒலியை அமைச்சிருக்காங்க. அது பிபிசி 70கள்ல வெளி ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைச்ச எல்எஸ்3/5ஏ வழியில வந்தது. பேச்சுக் குரல் இயல்பா இருக்கணும்ங்கறதுக்காகப் பிறந்த அளவு.

அண்ணா: ஆனா அதுல பேஸ் குறைவுன்னு எல்லாரும் சொல்றாங்களே?

சித்தப்பா: இதை நிதானமாப் படி. உன் ஹால் அகலம் 11 அடி, 3.35 மீட்டர். ஸ்பீக்கர் அந்தத் திசையிலதான் பாயுது. அந்த அகலத்துக்கு 52 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு அதிர்வு தங்கி நிக்கும். அது சுவரோரத்துல உச்சம். உன் சோபா சுவரை ஒட்டி. டைனாடியோ 41 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கறது, அந்த 52ஐ நல்லாத் தூண்டி விடும். பெரிய ஷோரூம்ல அழகா இருந்த பேஸ் உன் சோபாவுல ஊதிப் போய்க் கேட்கும். ஹார்பெத் 75 ஹெர்ட்ஸுக்குக் கீழ மெதுவாக் குறையற மூடின பெட்டி. கடையில மெலிவாத் தெரிஞ்சது உன் ஹால்ல சரியா நிரம்பலாம். கெஃப் ரெண்டுக்கும் நடுவுல. அதோட போர்ட்டுக்கு (பெட்டியோட பின்னாடி இருக்கற காத்துத் துளை) ரெண்டு அடுக்கு நுரை அடைப்பான் கூடவே வரும், பாதியோ முழுசோ அடைக்கலாம்.

சித்தப்பா: அதனால கடை முடிவு பாதி முடிவுதான். ரெண்டு ஜோடியாக் குறைச்சுட்டு, வைப்புத் தொகை கட்டி டெமோ ஜோடியை ஒரு வார இறுதிக்கு வீட்டுக்குக் கேளு. தர மறுத்தா அந்தக் கடையில இவ்வளவு பெரிய தொகை கொடுக்கறதை யோசி.

அண்ணி: வீட்ல எங்க வைக்கறது மாமா? டிவி யூனிட் மேலயே வைக்கலாம்னு நினைச்சேன்.

சித்தப்பா: ஸ்டாண்ட்தான்மா நல்லது. உட்கார்ந்து உங்க ரெண்டு பேர் காது உயரத்தையும் தரையிலேர்ந்து அளந்து, ட்வீட்டர் அதை ஒட்டி வர்ற மாதிரி ஸ்டாண்ட் வாங்குங்க. ஸ்டாண்டோட குழாய்க்குள்ள காய்ஞ்ச மணல் நிரப்புங்க. மேல நாலு மூலையில ப்ளூ டாக் (களிமண் மாதிரி ஒட்டற பசை) உருண்டை. டைல்ஸ்ல ஆணி முனை நேரா வைக்காதீங்க, அடியில வட்டத் தகடு வைங்க. பெட்டியோட முதுகுக்கும் சுவருக்கும் 30 செ.மீ.யாவது இருக்கட்டும். ஒயர் 2.5 சதுர மி.மீ. செம்பு போதும், அதுக்கு மேல ஒரு ரூபாய் போடாதீங்க.

சித்தப்பா: யூனிட் மேல வச்சுத்தான் ஆகணும்னா முன் பலகை யூனிட் விளிம்புக்கு வெளியில வரட்டும். உள்ள தள்ளி வச்சா மேல்பலகையில பட்டுத் திரும்பற ஒலி குரலைக் கெடுக்கும். அப்போ பின்னாடி போர்ட் இல்லாத ஹார்பெத்துக்குச் சாதகம் கூடும்.

நான்: அண்ணா, டைல்ஸும் வெறும் சுவரும்தான் உன் பெரிய எதிரி. ஹால் நடுவுல நின்னு ஒரு தடவை கை தட்டு. "டர்ர்"னு திரும்பினா எந்த ஸ்பீக்கரும் சீறும். பவானி ஜமுக்காளம் மெல்லிசு, உச்ச ட்ரெபிளை மட்டும்தான் பிடிக்கும். சோபாவுக்கு முன்னாடி தடிப்பான கார்ப்பெட், ஜன்னலுக்கு மடிப்பு நிறைய இருக்கற கனமான ஸ்க்ரீன். சோபாவையும் முடிஞ்ச அளவு 30 செ.மீ. முன்னாடி இழு. அந்த 52 ஹெர்ட்ஸ் அதுலயே கொஞ்சம் இறங்கும். டெமோ வர்ற அன்னைக்கு என் யூமிக்-1 ஒலி அளக்கற மைக் எடுத்துட்டு வந்து ரெண்டு இருக்கையிலயும் தனித்தனியா அளந்துடறேன்.

அண்ணி: பாப்பா விரலை விட்டுடுவாளோன்னு பயம் இருக்கு.

சித்தப்பா: நியாயமான கவலை. டைனாடியோவோட துணி ட்வீட்டர் விரல் பட்டா குழிஞ்சிடும், கிரில் கழட்டாதீங்க. கெஃப்ல ட்வீட்டருக்கு முன்னாடி பிளாஸ்டிக் இதழ்கள் இருக்கு, ஆனா கிரில் தனியாத்தான் வாங்கணும். டெமோ ஜோடி திரும்பக் கொடுக்கும்போது குழி இல்லைன்னு காட்ட, வந்த உடனே ரெண்டு பெட்டியோட ட்வீட்டர், வூஃபர் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வைங்க.

*இரவு 10:10*

அண்ணா: கடைக்கு மெசேஜ் போட்டாச்சு. 60 வாட் ஆம்ப், ஒரே ஸ்டாண்ட், ரெண்டு நாற்காலி பக்கத்துல பக்கத்துல, ரெண்டு மணி நேரம். 10:30க்கு வரச் சொன்னாங்க.

அண்ணி: ஏசியை நிறுத்தச் சொல்லலாமா?

அத்தை: கேட்கற நேரம் மட்டும் நிறுத்தச் சொல்லு. நாலு பாட்டும் முடிஞ்சதும் தம்புராவையும் குரலையும் ராத்திரி பாப்பா தூங்கும்போது வைக்கற அளவு சத்தத்துல திரும்பக் கேளுங்க. நீங்க வீட்ல அதிகமாக் கேட்கப் போறது அந்தச் சத்தத்துலதான்.