கார் பிரேக்குக்கு வெளி மார்க்கெட் (கம்பெனி தராத) டிஸ்க், பேட் மாற்றியவர்கள் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பெரம்பூர் ஸ்விஃப்ட்

சக்கரத்தோடு சுற்றும் முன் டிஸ்க் இரண்டும், அதைக் கவ்வும் பேடும் சேர்த்து மாற்றினேன். ஜி.பி. ரோட்டில் வாங்கியவை, பெயர் தெரிந்த பிராண்டுதான். முதல் சில மாதங்கள் ஒரு குறையும் இல்லை. அப்புறம் பைபாஸில் 90-ல் வந்து வானகரம் டோலுக்காக பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் கையை உதற ஆரம்பித்தது. கடைக்காரர் மாட்டிய விதம் சரியில்லை என்றார். மாட்டிய ஒர்க்‌ஷாப்பில் சரக்கு சரியில்லை என்றார்கள். மற்ற எல்லோரும் "டிஸ்க் வளைஞ்சிருச்சு, தூக்கிப் போடுங்க" என்றார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு மெக்கானிக் செய்ததைத்தான் இங்கே சொல்ல வந்தேன். சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை நட்டு போட்டு இறுக்கி, காந்த ஸ்டாண்டில் நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை வைத்து டிஸ்க்கைக் கையால் சுற்றினார். முள் 12 கோடு ஆடியது. ஒரு கோடு 0.01 மி.மீ. எதுவும் பேசாமல் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அது உட்காரும் ஹப் முகத்தைக் காட்டினார். செதில் செதிலாகத் துரு. புது டிஸ்க்கை அந்தத் துருவின் மேலேயே வைத்து முறுக்கியிருக்கிறார்கள். எமரி தாளால் பளபளவென்று தேய்த்துத் துடைத்து, அதே டிஸ்க்கை மறுபடி வைத்துச் சுற்றினார். முள் 3 கோட்டுக்குள் அடங்கியது.

அதே டிஸ்க்! லேசாக ஸ்கிம் செய்து (மேற்பரப்பைக் கடைந்து சமமாக்கி) மாட்டிக் கொடுத்தார், இன்றுவரை உதறல் இல்லை. அந்த முள் அடங்கியதைப் பார்த்ததிலிருந்து, இந்த ஊரில் எத்தனை நல்ல டிஸ்க்குகளை இப்படிக் காயலான் கடைக்கு அனுப்பியிருப்பார்கள் என்றுதான் யோசிக்கிறேன்.

மடிப்பாக்கம் போலோ

பெரம்பூர் நண்பரே, உங்களுக்கு நடந்தது சரி. அதற்காக எல்லாப் பழியையும் ஹப் மேல் போட்டுவிட முடியாது. சரக்கே மோசம் என்பதும் உண்டு, நான் நேரில் பார்த்தேன்.

மச்சான் காருக்கு ஆன்லைனில் ஓட்டை போட்ட டிஸ்க் வாங்கினான். அலாய் வழியாகப் பார்க்க ரேஸ் கார் மாதிரி இருந்தது. அதோடு கொல்லிமலை போனோம். இறங்கும்போதும் அவன்தான் ஓட்டினான். 70 கொண்டை ஊசி வளைவு, கியரைக் குறைக்கச் சொல்லியும் கேட்காமல் பிரேக்கிலேயே இறக்கினான். காரவள்ளிக்கு வரும்போது கருகிய வாடை, பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போகிறது. டீக்கடை ஓரம் நிறுத்தி, ஆறும்வரை காத்திருந்து, செல்போன் டார்ச்சை சக்கரத்துக்குள் அடித்தேன். ஒரு ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டைக்கு மயிரிழை போல விரிசல். பக்கத்திலேயே இன்னொன்று. அந்த வண்டியில் என் தங்கையும் குழந்தையும் இருந்தார்கள். இரவில் தூக்கம் வராத நேரத்தில் இன்னும் அந்த விரிசல்தான் கண் முன் வருகிறது.

டிஸ்க்கில் ஓட்டை போடும் பழக்கம் பழைய காலத்து பேட்கள் சூட்டில் வாயு விடும் என்பதற்காக வந்தது. இப்போதைய பேட்களோடு நாம் ஓட்டும் ஓட்டத்துக்கு அதற்கு வேலையே இல்லை. ஓட்டை போட்ட இடத்தில் இரும்பு பலவீனமாகும், சூடேறி ஆறி சூடேறி ஆறி அங்கேதான் முதலில் வெடிக்கும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுக்கும் டிஸ்க், பேட் தவிர வேறு எதையும் என் வண்டியில் ஏற்ற மாட்டேன்.

தாம்பரம் இகோஸ்போர்ட்

"கம்பெனி தவிர வேறு எதையும் ஏற்ற மாட்டேன்" என்று நீங்கள் சொல்லலாம் மடிப்பாக்கம் அண்ணா. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகரில் செய்த வண்டியை அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஸ்பேருக்கும் காத்திருக்கும் ஆட்களும் இருக்கிறோம். எங்களில் பலருக்கு வெளி மார்க்கெட்தான் வழி.

என் கதை பேட் பற்றியது. அட்டைப்பெட்டி அசல் போலவே இருந்தது. மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது கூடுவாஞ்சேரி சிக்னலில் மிதித்தேன், வலது முன் சக்கரத்தில் "கடக்" என்று ஒரு சத்தம், வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. கழற்றிப் பார்த்தால் பேடில் உரசும் பகுதியான லைனிங் பின்தகட்டிலிருந்து பிரிந்து நிற்கிறது. இடைவெளியில் என் விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது. உள்ளே பசை தடவிய அடையாளம்கூடச் சரியாக இல்லை, தகடு வழவழவென்று இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம பெட்டிதான் சார், ஆனா நம்ம சரக்கு இல்ல" என்றார். பணம் திரும்பி வந்தது. அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அவரே ஏமாந்தாரா, தெரிந்தே கொடுத்தாரா?

பாடி லைனிங்காரன்

நான் பிரேக் லைனிங் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தாம்பரம் தம்பி எழுதியது என்னைக் கலக்கிவிட்டது. லைனிங்கைத் தகட்டோடு ஒட்டும் வேலைதான் எங்கள் உயிர். தகட்டைச் சொரசொரப்பாக்க வேண்டும், பசை தடவ வேண்டும், சூட்டிலும் அழுத்தத்திலும் பிடிக்க வைக்க வேண்டும். வழவழப்பான தகட்டில் ஒட்டிய பேடை என்னிடம் கொண்டுவந்தால் அந்த லாட்டையே நிறுத்தியிருப்பேன். பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் இருக்கிற பாடிக்குப் பக்கத்திலேயே போலி பேட் விற்கிறது என்பதைத் தாங்க முடியவில்லை.

கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். பேடின் ஓரத்திலோ பின்தகட்டிலோ பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆங்கில எழுத்து அச்சிடுவார்கள். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு, இரண்டாவது அதிகச் சூட்டில் எவ்வளவு. 'இ' என்றால் 0.25 முதல் 0.35, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55. இது தரச்சான்று அல்ல. 'ஜி' போட்டதால் 'எஃப்'பைவிட உசத்தி என்றும் இல்லை. இரண்டாவது எழுத்து முதல் எழுத்தைவிடக் கீழே போகிறதா என்று பாருங்கள். அப்படிப் போனால் மலை இறக்கத்தில் அந்தப் பேட் தளரும். மடிப்பாக்கத்தார் மச்சானுக்கு டிஸ்க்கோடு சேர்ந்து பேடும் பிரேக் ஆயிலும் கைவிட்டிருக்கலாம். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் இழுத்த பிறகு அது 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி, பெடல் ஆழமாகப் போகும். அவர் சொன்ன அடையாளம் அதேதான். நம் ஊர் ஈரப்பதத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுங்கள். டாட் 5 என்பது சிலிகான், அதை இதோடு கலக்கவே கூடாது.

இறக்குமதி பேட் வாங்கினால் வட்டத்துக்குள் 'இ' எழுத்தும் பக்கத்தில் '90ஆர்' என்றும் இருக்கிறதா பாருங்கள். ஐரோப்பிய விதிப்படி அந்த மாற்று பேடின் பிடிப்பு, வண்டியோடு வந்த பேடிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது.

மாட்டும்போது புது டிஸ்க்கில் பூசியிருக்கும் துரு தடுப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்தெடுங்கள். ஹப் முகத்தை, பெரம்பூர் நண்பர் பார்த்தாரே, அப்படித் தேய்க்கச் சொல்லுங்கள். நட்டுகளை நட்சத்திர வரிசையில், கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். ஏர் கன்னை வைத்து "டர்ர்ர்" என்று அடித்தால் ஒரு நட்டு கூட, ஒரு நட்டு குறைய இறுகும், டிஸ்க் கோணலாக உட்காரும். இன்னொன்று மிக முக்கியம்: பழைய பேட் தூசியை ஏர் அடித்து ஊத விடாதீர்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் நுரையீரலுக்கு ஆபத்து, கண்ணுக்கும் தெரியாது. ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் பையன்களுக்காகச் சொல்கிறேன்.

பெசன்ட் நகர் ஐ20

ஐயா சொன்னதில் பாதி எனக்கு முன்பே தெரிந்திருந்தால் நிறையப் பணம் மிச்சமாகியிருக்கும். பீச்சுக்குப் பக்கத்தில் வீடு, வண்டி பெரும்பாலும் வெளியில்தான் நிற்கும். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு இடது முன் சக்கரத்திலிருந்து இரும்பு உரசும் சத்தம். ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கக்கூட இல்லை, "டிஸ்க் போயிருச்சு மேடம், நாலு சக்கரத்துக்கும் பிரீமியம் செட் போட்டுடலாம்" என்று விலையைச் சொல்லிவிட்டார்கள். என் வண்டிக்குப் பின்னால் டிரம் பிரேக், டிஸ்க்கே கிடையாது. நாலு சக்கரத்துக்கு டிஸ்க் எங்கிருந்து வந்தது?

இன்னொருவரிடம் போனேன். அவர் கழற்றிய இரண்டு பேட்களையும் என் உள்ளங்கையில் வைத்தார். வெளிப்பக்கப் பேடில் பாதிக்கு மேல் லைனிங் இருந்தது. உள்பக்கப் பேடில் ஒன்றுமே இல்லை, வெறும் தகடு, அதுவும் சாய்வாகத் தேய்ந்திருந்தது. "பேடை அழுத்துற காலிப்பரோட பின் உப்புக் காத்துல சிக்கிப்போச்சும்மா, ஒரு பக்கம் மட்டும் எப்பவும் அழுத்திட்டே இருந்திருக்கு" என்றார். பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, சிலிகான் கிரீஸ் போட்டு, ரப்பர் பூட்டை மாற்றினார். தகடு கீறிய முன் டிஸ்க்கை மட்டும் ஜோடியாக மாற்றினார், பேடும் ஜோடியாக. மற்றபடி எதையும் தொடவில்லை. அந்தப் பின்னை அப்படியே விட்டு உலகிலேயே விலை உயர்ந்த பேடைப் போட்டிருந்தாலும் அதுவும் அதே மாதிரிதான் தேய்ந்திருக்கும்.

ஐயாவுக்கு ஒரு கேள்வி. புது பேடைப் பழக்க 60-லிருந்து பிரேக் அடித்து அடித்து ஓட்ட வேண்டும் என்கிறார்கள். சென்னையில் அதை எங்கே செய்வது?

வேளச்சேரி வேகன்ஆர்

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் வண்டி நின்றது. தண்ணீர் வடிந்ததும் மெக்கானிக் டிஸ்க், பேட், பிரேக் ஆயில் எல்லாம் ஒன்றாக மாற்றச் சொன்னார். டிஸ்க் மேல் துரு மேலோட்டமாகத்தான் இருந்தது, கொஞ்சம் ஓட்டியதும் போய்விட்டது. ஆயிலை மட்டும் முழுக்க மாற்றினேன். பின் டிரம்முக்குள் இருந்து ஒரு கை நிறையச் சேறு எடுத்தார்கள். முன் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அது தெரிந்தே இருக்காது.

பெரம்பூர் ஸ்விஃப்ட்

மடிப்பாக்கம் நண்பரே, உங்கள் தங்கை குடும்பத்துக்கு ஒன்றும் ஆகாதது பெரிய நிம்மதி. ஆனால் நீங்கள் சொன்னது ஓட்டை போட்ட டிஸ்க்கின் கதை, வெளி மார்க்கெட்டின் கதை அல்ல. ஓட்டை இல்லாத, உள்ளே காற்றுப் பாதை உள்ள சாதாரண டிஸ்க்கை நல்ல தயாரிப்பாளரிடம் வாங்கினால் அதில் என்ன பயம்? கம்பெனி பெட்டியில் வரும் டிஸ்க்கையும் யாரோ ஒரு சப்ளையர்தான் வார்க்கிறார்.

மடிப்பாக்கம் போலோ

சப்ளையர் வார்க்கலாம், ஆனால் கம்பெனி ஏற்காமல் ஒதுக்கும் டிஸ்க் அந்தப் பெட்டிக்குள் வராது இல்லையா? அதற்குத்தான் கூடுதல் காசு கொடுக்கிறேன். உங்கள் ஹப் கதையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். பல மாதம் ஆட்டத்தோடு ஓடிய டிஸ்க்கில் தடிமன் ஏற்ற இறக்கம் வந்திருக்கும். ஹப்பைத் தேய்த்ததால் ஆட்டம் போகும், அந்த ஏற்ற இறக்கம் போகாது. ஸ்கிம் செய்ததால்தான் உங்கள் உதறல் நின்றது என்று நினைக்கிறேன்.

பாடி லைனிங்காரன்

இரண்டு பேருமே சரி. டிஸ்க் சூட்டில் வளைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள், பெரும்பாலும் நடப்பது அது அல்ல. ஹப்பில் துரு இருந்தால் டிஸ்க் மிக நுட்பமாக ஆடும். ஒவ்வொரு சுற்றிலும் பேடை ஒரே இடத்தில் உரசும், பிரேக் அடிக்காதபோதும். பல ஆயிரம் கி.மீ. ஓடிய பிறகு அந்த இடம் மட்டும் மெலியும், அல்லது பேட் பொருள் திட்டாகப் படியும். உதறல் உடனே வராமல் சில மாதம் கழித்து வருவது அதனால்தான். ஹப்பைச் சுத்தம் செய்யாமல் ஸ்கிம் மட்டும் செய்திருந்தால் மறுபடி வந்திருக்கும். ஹப்பை மட்டும் சுத்தம் செய்து ஸ்கிம் செய்யாமல் விட்டிருந்தால் உதறல் நின்றிருக்காது. அந்த அம்பத்தூர் மெக்கானிக் இரண்டையும் செய்தார், கெட்டிக்காரர்.

ஸ்கிம் செய்யும் முன் டிஸ்க்கின் ஓரத்திலோ நடுத் தொப்பியிலோ குறைந்தபட்சத் தடிமன் மி.மீ.யில் பொறித்திருக்கும், அதைப் படித்து மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். அதற்குக் கீழே போனால் யார் என்ன சொன்னாலும் மாற்ற வேண்டியதுதான்.

பெசன்ட் நகர் அம்மா, ஞாயிறு விடிகாலை வண்டலூர்–கேளம்பாக்கம் ரோட்டுக்குப் போங்கள். பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு 60-லிருந்து 10 வரை மிதமாகக் குறையுங்கள், முழுவதும் நிறுத்தாதீர்கள். எட்டு, பத்து முறை இப்படி. நடுவில் அடுத்த வேகம் எடுக்கும் இடைவெளி போதும். கடைசியில் பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆற விடுங்கள். சூடாக இருக்கும்போது நிறுத்தி பெடலை மிதித்தபடி நின்றால் பேடின் அச்சு டிஸ்க்கில் பதியும். பேட் தயாரிப்பாளர் வேறு முறை எழுதியிருந்தால் அதையே செய்யுங்கள்.

தாம்பரம் இகோஸ்போர்ட்

ஐயா, நான் இப்போது செராமிக் பேட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தூசி குறைவு, சத்தம் குறைவு என்கிறார்கள். தினசரி ஜி.எஸ்.டி. ரோடு, வருடத்தில் ஒருமுறை ஏலகிரி. போதுமா?

பாடி லைனிங்காரன்

போதும் தம்பி. ஏலகிரி 14 வளைவுதான், இறங்கும்போது கியரில் இறங்குங்கள். வாங்கும்போது கடையிலேயே பெட்டியைப் பிரித்து, பேடின் பக்கவாட்டில் லைனிங்கும் தகடும் சேரும் கோட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் எங்கும் மாட்டக் கூடாது. எழுத்தும் லாட் எண்ணும் இல்லாத பேடை அங்கேயே திருப்பிக் கொடுங்கள். அந்தப் பிரிந்த பேட் இன்னும் உங்களிடம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், பெட்டியில் உள்ள தயாரிப்பாளரின் முகவரிக்குப் படத்தோடு எழுதுங்கள். கடைப் பில்லையும் சேர்த்து அனுப்புங்கள்.