உதவி தேவை: அம்மப்பாவின் பழைய கத்தி வாழைக்காயைக் கறுக்க வைக்கிறது, கூரும் நிற்பதில்லை

பம்பலப்பிட்டிப் பிள்ளை:
எல்லோருக்கும் வணக்கம். அம்மப்பா கப்பலில் சமையற்காரராக இருந்த காலத்துக் கத்தியொன்று இப்போது எங்கள் குசினிக்கு வந்திருக்கிறது. அதனால் வெட்டும் வாழைக்காய் சட்டியில் இடுவதற்குள் நீலக்கறுப்பாகிவிடுகிறது, வெங்காயத்தில் இரும்பு வாடை அடிக்கிறது, கூரும் ஒரு நேரச் சமையலைத் தாண்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விருந்து இருப்பதால் அதற்குள் இதைச் சரிப்படுத்த வேண்டும். என்ன செய்யலாம்?

மருதானை ரிஸ்வி:
அலகில் முத்திரை ஏதும் இருக்கிறதா, எதனால் தீட்டுகிறீர்கள், கழுவிய பின் எங்கே வைக்கிறீர்கள் என்பவற்றில் ஒன்றையேனும் நீங்கள் எழுதவில்லையே, தங்கச்சி. அலகின் படமொன்றைப் போட்டால் மற்றவர்கள் ஊகிக்க வேண்டியிராது.

கடலோரத்தான்:
ஊகிக்க இதில் என்ன இருக்கிறது? காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் குடியிருப்பவர்களின் இரும்புச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் உப்புக்காற்றுத்தான் எமன். எங்கள் யன்னல் கம்பிகளுக்கு எத்தனை முறை பூச்சு அடித்தாலும் கறள் மேலெழுந்து விடுகிறது. கத்தியைக் காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

இரும்புப்பிரியன்:
இங்கே பலமுறை பதில் சொல்லப்பட்ட கேள்வி இது. கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் வழக்கம் மட்டும் நம்மவர்களுக்கு வருவதேயில்லை. துருப்பிடிக்காத உருக்கை ஹரி பிரியர்லி ஷெஃபீல்டில் உருவாக்கியது 1913இல். அத்தகைய உருக்கில் குறைந்தது 10.5 சதவீதமளவு குரோமியம் இருப்பதால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுப் படையொன்று உண்டாகி இரும்பைக் காக்கிறது. உங்கள் அம்மப்பாவின் கத்தி சாதாரணக் காபன் உருக்காக இருக்கும், அதற்கு அந்தக் கவசம் கிடையாது. பழைய கத்தி என்று பெருமையோடு சொல்லத்தக்கது பிரான்சின் தியேர் நகரத்துச் சபாட்டியே ஒன்றுதான். உங்களிடம் இருப்பது அதுவாக இராது.

தெகிவளை மாமி:
சபாட்டியே என்பது ஒரே நிறுவனத்தின் பெயர் அல்ல, தியேரில் பல பட்டறைகள் அந்தப் பெயரைப் பொறித்து விற்றிருக்கின்றன. ஆகவே அந்தப் பெயர் மட்டும் தரத்துக்குச் சான்றாகாது. அதை விடுவோம். பிள்ளை, வாழைக்காயின் கயரில் தனின் என்னும் துவர்ப்புப் பொருள் இருக்கிறது. அது இரும்போடு சேர்ந்தால் நீலக்கறுப்பு நிறம் உண்டாகும். ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காக எழுதுமை செய்ததும் இந்தச் சேர்க்கையினால்தான். புதிதாக மினுக்கிய அலகில் இது மிகக் கூடுதலாக நடக்கும். நாளாக ஆக அலகின் மேல் சாம்பல்நீலப் படையொன்று படியும், அதன் பிறகு இரும்பு உணவில் இறங்குவது வெகுவாகக் குறைந்துவிடும். எதைப் போட்டுக் கத்தியைக் கழுவுகிறீர்கள் என்று சொல்லும்.

பம்பலப்பிட்டிப் பிள்ளை:
முத்திரையில் ஷெஃபீல்ட் என்ற சொல் மட்டும் வாசிக்க முடிகிறது. கத்தி கறுத்துப்போய் இருப்பது அம்மாவுக்குப் பிடிக்காது என்பதால், ஒவ்வொரு நாளும் சாம்பலும் தேசிக்காயும் போட்டுக் கம்பித்தும்பால் வெள்ளி போல மினுக்கி வைப்பார்.

தெகிவளை மாமி:
அப்படியென்றால் உங்கள் கேள்வியின் முதற்பாதிக்கு விடை கிடைத்துவிட்டது. கத்தி தனக்குத் தானே போர்த்திக்கொள்ள முயலும் போர்வையை அம்மா நாள்தோறும் உரித்தெடுக்கிறார், தேசிப்புளி வெறும் இரும்பைத் திரும்பவும் அரிக்கிறது. செங்கறள் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் மெல்லத் தேய்த்து எடுங்கள், சாம்பல்நீலத்தைத் தொட வேண்டாம். வெட்டி முடித்தவுடன் மென்மையான துணியால் கழுவித் துடைத்து உலர்த்துங்கள், கழுவுதொட்டியில் ஊறவிடவே கூடாது. வாழைக்காயை அரிந்த கையோடு மஞ்சள் கரைத்த தண்ணீரில் போட்டுவிடுங்கள். எந்தக் கத்தியால் வெட்டினாலும் காற்றுப்பட்டு அது சிறிது கறுக்கத்தான் செய்யும்.

கொட்டாஞ்சேனைச் சமையற்காரன்:
இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கிறேன். புறக்கோட்டையில் நல்ல எவர்சில்வர் கத்தி வாங்கலாம். உணவகத்தில் நாள் முழுவதும் வெட்டுகிற எங்களுக்கு ஒவ்வொரு தக்காளிக்கும் பிறகு அலகைத் துடைத்துக்கொண்டிருக்க நேரமில்லை.

இரும்புப்பிரியன்:
துருப்பிடிக்காத உருக்கில் காபன் உருக்கின் கூரை ஒருபோதும் எட்ட முடியாது. இது விவாதத்துக்கு இடமில்லாத விடயம்.

மருதானை ரிஸ்வி:
விவாதத்துக்கு இடமிருக்கிறது, ஐயா. இன்று நாம் சவரம் செய்யும் அலகுகளில் பெரும்பாலானவை துருப்பிடிக்காத உருக்கே. பழைய கத்தியின் அருமை வேறிடத்தில் இருக்கிறது. அடித்துச் செய்த அலகு கைப்பிடியருகே தடித்து நுனிக்குப் போகப்போக மெலிவதால் கையில் பாரம் சமமாக நிற்கும், வெங்காயத்துக்குள் இறங்கும்போது அதைப் பிளக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். கூர் மங்கினால் சாதாரணத் தீட்டுக்கல்லில் சில தடவை இழுத்தாலே திரும்பிவிடும். மலிவான எவர்சில்வரில், தீட்டும்போது விளிம்பில் எழும் மெல்லிய உருக்குப் பிசிறு கழலாமல் தொங்கிக்கொண்டு உயிரை வாங்கும்.

கடலோரத்தான்:
தேங்காயெண்ணெய் தடவி வைத்தால் உப்புக்காற்று அண்டாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரும்புப்பிரியன்:
தேங்காயெண்ணெய் காறிப்போய்க் குசினியே நாறும். பாமசியில் விற்கும் திரவப் பரபினைத்தான் தடவ வேண்டும்.

கடலோரத்தான்:
தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிய கொழுப்பு, ஆகவே அது மற்றச் சமையல் எண்ணெய்களைவிட மெதுவாகவே காறும். நாள்தோறும் பாவிக்கும் கத்தியில் காறுவதற்கு எண்ணெய் எங்கே மிஞ்சப்போகிறது?

தெகிவளை மாமி:
இருவர் சொல்வதும் சரிதான்: நாள்தோறும் எடுக்கும் கத்திக்குத் தேங்காயெண்ணெய் போதும், மாதக்கணக்கில் உள்ளே வைப்பதற்குப் பரபின் நல்லது. கூர் நிற்காததைப் பற்றி இன்னும் ஒருவரும் பேசவில்லை. பிள்ளை, கடைசியாக அதை யார் தீட்டியது?

மருதானை ரிஸ்வி:
நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். பிசிறு கழலாமல் இருந்தாலும் முதல் வெட்டில் கூராகத் தோன்றிப் பிறகு மடங்கிவிடும் என்பதால், அதையும் பார்த்துவிட வேண்டும்.

பம்பலப்பிட்டிப் பிள்ளை:
அண்ணன் திறப்பு வெட்டும் கடையொன்றில் மின்சாணையில் பிடித்துக்கொண்டு வந்தார். பொறி பறக்கப் பிடித்தார்களாம். அதன் பிறகு விளிம்போரமாக மெல்லிய நீலக் கோடொன்று தெரிகிறது. அதுவும் நீங்கள் சொன்ன சாம்பல்நீலப் படைதான் என்று நினைத்திருந்தோம்.

மருதானை ரிஸ்வி:
அதுவல்ல, தங்கச்சி. பட்டறையில் உருக்கைச் செந்தணலாகப் பழுக்கக் காய்ச்சிச் சடுதியாகக் குளிர்வித்துக் கடினமாக்கி, பிறகு நொறுங்காமல் இருப்பதற்காக ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் திரும்பச் சூடாக்கிப் பதமேற்றுவார்கள். சாணையில் விளிம்பு நீலமாக மாறியதென்றால் அந்த இடம் 300 பாகையை அண்டியிருக்கிறது என்று பொருள். அங்கே பதம் இறங்கி உருக்கு மென்மையாகிவிட்டது. ஒரு சிறிய அரத்தின் முனையால் அலகின் நடுப்பகுதியையும் விளிம்பையும் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நடுவில் வழுக்கி விளிம்பில் கடித்தால் சந்தேகமே வேண்டாம். கேடு பெரும்பாலும் விளிம்போரத்தில் மட்டுமே இருக்கும். தண்ணீர் விட்ட கல்லில், கையால், அந்த மென்மையான பகுதி தேய்ந்து போகும் வரை பொறுமையாகத் தீட்டுங்கள். நிறம் மறைந்ததும் நிறுத்திவிடாமல் அரத்தால் திரும்பவும் சோதியுங்கள். அடுப்பில் காய்ச்சித் திரும்பப் பதமேற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இரும்புப்பிரியன்:
இதைத்தான் நானும் சொல்லவிருந்தேன். பண்டைக்காலத்தில் பருவக்காற்றையே உலைத் துருத்தியாக்கிச் சமனலவெவப் பகுதியில் உயர்காபன் உருக்கு உருக்கிய நாடு நம் இலங்கை. இன்று நமக்கு ஒரு கத்தியைத் தீட்டத் தெரியவில்லை.

கொட்டாஞ்சேனைச் சமையற்காரன்:
ஐயா, ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியுமா என்பதுதான் அந்தப் பிள்ளையின் கேள்வி. முடியாது, பிள்ளை, விருந்துக்கு வேறு கத்தியை எடும்.

பம்பலப்பிட்டிப் பிள்ளை:
அரம் விளிம்பில் கடித்தது, நடுவில் வழுக்கியது. அண்ணன் கல்லோடு மாடியில் இருக்கிறார். கம்பித்தும்பை ஒளித்து வைத்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

மருதானை ரிஸ்வி:
படம் இன்னும் வரவில்லை. அண்ணன் பிடிக்கும் கோணத்தைப் பார்க்க வேண்டும். அலகை நிமிர்த்திப் பிடித்தால் மெலிந்த விளிம்பு தடித்துவிடும்.

கடலோரத்தான்:
தீட்டி முடித்ததும் தேங்காயெண்ணெய்.

இரும்புப்பிரியன்:
பரபின்.